உலாவியில் கம்பம் பள்ளத்தாக்கு: முப்பரிமாண நில மாதிரியும் திரைக் கட்டுப்பாடுகளும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை நேரில் பார்க்காத ஒருவரும் இன்று கைப்பேசித் திரையில் அதைச் சுற்றிவர முடியும். இணைய உலாவியில் தோன்றும் முப்பரிமாண நில மாதிரியை விரலால் சுழற்றலாம், சாய்க்கலாம், அருகே இழுக்கலாம். குமுளி மலைமுகட்டில் நிற்பது போலவும், மேகமலைக்கு மேலே பறப்பது போலவும் அந்த நிலத்தைக் காணலாம். இவ்வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. நிலத்தின் உயரங்களை அளந்தவர்கள், தட்டையான திரையில் பொருளைச் சுழற்றும் வழியைக் கண்டவர்கள், உலாவிக்குள் முப்பரிமாணத்தைக் கொண்டுவந்தவர்கள் என மூன்று தரப்பினரின் உழைப்பு இதில் சேர்ந்துள்ளது. அந்த வரலாற்றையும், ஒரு பள்ளத்தாக்கின் நீர்ப்பாதையைப் புரிந்துகொள்ள அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி ஆகிய ஊர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் இதில் அமைந்துள்ளன. மேற்கில் ஏலமலைத் தொடர் சுவர் போல நிற்கிறது. தென்கிழக்கில் மேகமலை உள்ளது. மேகமலைக்கு அப்பால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு வருகிறது. வைகை ஆறு பிறப்பது அங்கேதான். கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் முல்லையாறு தேனிக்கு அருகே வைகையுடன் கலக்கிறது.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி ஏலமலையின் மேற்குப் புறத்திலேயே பெய்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. குமுளி நனைந்துகொண்டிருக்கும்போது சில கிலோமீட்டர் கீழே உள்ள கம்பத்தில் வெயில் அடிப்பது இப்பகுதி மக்களுக்குப் பழகிய காட்சி. இந்த மழைமறைவு நிலத்தில் இரு போக நெல்லும், புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் விளைவதற்கு முக்கியக் காரணம் மலைக்கு அப்பாலிருந்து திருப்பிவிடப்பட்ட பெரியாற்று நீர்.

கால்நடையாக அளந்த நிலம்

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதைப் பற்றி ஆராய்ந்தார். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் இப்பகுதியை ஆய்வு செய்து, திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருத்துத் தெரிவித்தார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் புதிய திட்டம் ஒன்றை முன்வைத்தார். பின்னர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் பணி தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீடித்த இந்த ஆராய்ச்சிக்குள் அடங்கியிருந்த கேள்வி ஒன்றே: மலைக்கு அந்தப் பக்கம் தேங்கும் நீரின் மட்டம் இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கும், இடையில் நிற்கும் மலையைக் குடைய எந்த இடம் மெலிந்தது? விடை காண ஒவ்வொரு முகட்டிலும் ஏறி, கருவி வைத்து அளக்க வேண்டியிருந்தது. காட்டு விலங்கும் மலேரியாவும் நிறைந்த பகுதி அது. அளந்து முடித்த பின்னும் அந்த அறிவு சமஉயரக் கோடுகளாகவும் எண்களாகவும் வரைபடத்தில் அடங்கியது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்று வாசிக்கத் தெரிந்தவர் பொறியாளரும் அளவையாளருமே. அந்த நீரை நம்பிப் பயிர் செய்த உழவருக்கு நிலத்தின் முழு வடிவத்தைக் காட்ட எளிய வழி எதுவும் இல்லை.

திரையில் சுழற்றும் முறை பிறந்த கதை

கணினித் திரையில் முப்பரிமாண உருவத்தை வரைவது 1960களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதைத் திருப்பிப் பார்ப்பதில் சிக்கல் இருந்தது. சுட்டி மேசையின் மேல் இரண்டு திசைகளில் மட்டுமே நகரும். பொருளோ மூன்று அச்சுகளில் சுழலக்கூடியது. இரண்டைக் கொண்டு மூன்றை ஆள்வது எப்படி?

தொடக்கத்தில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு குமிழ் அல்லது திரையில் ஒரு நழுவுபட்டை வைக்கப்பட்டது. பயனர் மூன்றையும் மாறி மாறி இயக்கிப் பார்த்து, விரும்பிய கோணத்தை அடைய வேண்டும். 1988இல் மைக்கேல் சென், ஜாய் மவுண்ட்ஃபோர்ட், அபிகெயில் செல்லன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, பொருளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளம் இருப்பதாகக் கொள்ளும் முறையை முன்வைத்தது. சுட்டியால் அந்தக் கோளத்தைத் தொட்டு உருட்டினால், உள்ளே இருக்கும் பொருளும் உருளும். 1992இல் கென் ஷூமேக் இதற்கு மேலும் சீரான கணித வடிவம் தந்தார். அது 'ஆர்க்பால்' என்று அறியப்படுகிறது. இன்று நாம் திரையில் விரலை இழுத்து ஒரு மாதிரியைச் சுழற்றும் பழக்கத்துக்கு மூலம் இந்த ஆய்வுகளே.

உலாவிக்குள் முப்பரிமாணம்

1994இல் இணையத்துக்கென முப்பரிமாணக் காட்சிகளை எழுத ஒரு மொழி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மார்க் பெஸ்கே, டோனி பாரிசி போன்றோரின் முயற்சியில் 'விஆர்எம்எல்' உருவானது. அதன் மேம்பட்ட வடிவம் 1997இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. காட்சியில் பயனர் எவ்வாறு நகரலாம் என்பதையும் இம்மொழி வரையறுத்தது. 'நட', 'பற', 'ஆராய்' என்ற பொருளில் மூன்று வகைகள் அதில் இருந்தன. நடக்கும்போது ஈர்ப்பு உண்டு, தரையை ஒட்டியே செல்ல வேண்டும். பறக்கும்போது தரைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆராயும்போது பொருளைக் கையில் வைத்துத் திருப்புவது போல இருக்கும். 'காஸ்மோ பிளேயர்' போன்ற மென்பொருள்கள் உலாவிச் சாளரத்தின் அடியில், வாகனத்தின் முகப்புப் பலகை போல, இவற்றுக்கான பொத்தான்களை வைத்தன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக வந்த இணைப்பில் முப்பரிமாணக் கோப்புகளை இறக்குவது பெரும்பாடு. அதற்கென உலாவியில் தனியாகச் செருகுநிரல் ஒன்றையும் நிறுவ வேண்டும். எனவே விஆர்எம்எல் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. நடத்தல், பறத்தல், ஆராய்தல் என்ற பாகுபாடு மட்டும் பின்னர் வந்த எல்லாவற்றிலும் நிலைத்தது.

விண்ணிலிருந்து வந்த உயரங்கள்

சுழற்றும் முறை தயாராகிவிட்டாலும், சுழற்றுவதற்குக் கம்பம் பள்ளத்தாக்கின் மாதிரி வேண்டுமே. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் அலைகளைக் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரங்களை அளந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் அந்தத் தரவு முதலில் வெளியானது. 2014 முதல் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற நுண்மையில் படிப்படியாக வெளியிடப்பட்டது.

2005 மே 5 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. அதில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு ஒளிப்படக் கருவிகள் சாய்ந்த நிலையில் இருந்தன. இரண்டு கண்கள் ஆழத்தை உணர்வது போல, ஒரே இடத்தின் இரு படங்களை ஒப்பிட்டு உயரத்தைக் கணிக்க இது உதவியது. கால்டுவெல் காலத்தில் மலையேறி அளந்த உயரங்கள், இரண்டு நூற்றாண்டுகளுக்குள் ஏலமலை முழுமைக்கும் எண்ணட்டவணையாகக் கிடைத்தன.

கூகுள் எர்த்தும் புவனும்

2005 ஜூனில் கூகுள் எர்த் வெளியானது. தொடக்கத்தில் அது கணினியில் நிறுவ வேண்டிய தனி மென்பொருள். 2008இல் உலாவிக்குள் இயங்கும் செருகுநிரலாகவும் வந்தது. திரையின் ஓரத்தில் அமைந்த அதன் கட்டுப்பாடுகள் பலருக்கு நினைவிருக்கும். வடக்கைக் காட்டும் வளையத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும். அம்புக்குறிகளை அழுத்தினால் பார்வை சாயும். கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடையிலான பட்டை அருகே கொண்டுவரும் அல்லது விலக்கும்.

2009 ஆகஸ்ட் 12 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'புவன்' தளத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இதை நடத்துகிறது. இந்தியச் செயற்கைக்கோள் படங்களை முப்பரிமாணத்தில் காண அதற்கும் தொடக்கத்தில் செருகுநிரல் தேவைப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக உலாவிகள் செருகுநிரல்களைக் கைவிடத் தொடங்கியபோது இவ்வகைத் தளங்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. 2015இல் குரோம் உலாவி பழைய வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியது.

செருகுநிரல் இல்லாத காலம்

மாற்று வழி அதற்குள் உருவாகியிருந்தது. 2006இல் விளாடிமிர் வுகிசெவிச் உலாவியின் வரைபரப்பில் நேரடியாக முப்பரிமாணத்தை வரையும் முயற்சியைக் காட்டினார். அது வளர்ந்து 2011 மார்ச்சில் 'வெப்ஜிஎல்' என்ற தரமாக வெளியானது. கணினியின் வரைகலைச் செயலியை உலாவியே பயன்படுத்திக்கொள்ள இது வழிசெய்தது. 2010இல் ரிக்கார்டோ கபெல்லோ தொடங்கிய 'திரீ ஜேஎஸ்' என்ற திறமூல நிரலகம் இத்தொழில்நுட்பத்தை எளிதாக்கியது. சில பத்து வரிகள் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவரும் தன் ஊர் மலையை உலாவியில் சுழலவைக்கலாம் என்ற நிலை வந்தது. புவிக்கோளக் காட்சிகளுக்கென 'சீசியம்' என்ற திறமூல நிரலகம் உருவானது. கூகுள் எர்த்தும் 2017இல் உலாவிப் பதிப்பாக மறுபடி வந்தது.

2016இல் மலிவான நான்காம் தலைமுறைத் தரவுச் சேவை பரவியபின், கம்பத்திலோ சின்னமனூரிலோ உள்ள மாணவர் இதற்காகக் கணினி மையத்தைத் தேட வேண்டிய தேவை குறைந்தது. சுட்டியின் இடத்தை விரல் பிடித்தது. இரு விரல்களை விரித்தால் நிலம் அருகே வரும், திருகினால் திசை மாறும், சேர்த்து மேல்கீழாக இழுத்தால் சாயும்.

கட்டுப்பாடுகள் செயல்படும் விதம்

திரையில் நிலம் சுழல்வது போலத் தோன்றினாலும், பெரும்பாலான நில மாதிரிகளில் நிலம் அசைவதில்லை. அதைப் பார்க்கும் கற்பனைக் கேமராவே நகர்கிறது. கேமராவின் இடத்தை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. அது எந்தத் திசையில் நிற்கிறது, தரையிலிருந்து எந்தக் கோணத்தில் உயர்ந்துள்ளது, பார்க்கும் புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பவையே அவை. சுழற்றும்போது முதல் எண் மாறுகிறது. சாய்க்கும்போது இரண்டாவது மாறுகிறது. பெரிதாக்கும்போது மூன்றாவது மாறுகிறது. நகர்த்தும்போது பார்க்கும் புள்ளியே வேறிடத்துக்குப் போகிறது.

புதிதாகப் பயன்படுத்துவோர் அடிக்கடி வழி தவறுவது இந்த நான்காவது செயலில்தான். நகர்த்திவிட்டதை அறியாமல் சுழற்றினால், நிலம் திரைக்கு வெளியே போய்விடும். அதனால்தான் நல்ல தளங்களில் தொடக்க நிலைக்குத் திரும்பும் வீட்டுக் குறியும், வடக்கு நோக்கித் திருப்பும் திசைகாட்டியும் உண்டு. கேமரா தரைக்குக் கீழே போய்விடாதபடி சாய்வுக்கு எல்லை வைப்பதும் வழக்கம்.

பெரியாற்று நீரின் பாதை

இக்கட்டுப்பாடுகளின் பயனைக் காண முல்லைப் பெரியாறு சிறந்த எடுத்துக்காட்டு. அணைக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் உள்ள தொடர்பு தட்டையான வரைபடத்தில் எளிதில் விளங்காது. அணை தேக்கடிக்குத் தென்மேற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீர் தமிழகத்துக்கு வருவது அணையின் அடியிலிருந்து அன்று. ஏரியின் வடகிழக்கு முனையில், தேக்கடி அருகே, மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று நீரை எடுத்துவருகிறது. அதன் நீளம் ஒரு மைலுக்குச் சற்றே அதிகம்.

மாதிரியில் முதலில் அணையிலிருந்து ஏரியைத் தொடர்ந்து வடகிழக்காக நகர வேண்டும். ஏரி பல கிளைகளாகப் பிரிந்து மலை இடுக்குகளில் புகுந்திருப்பது தெரியும். தேக்கடியை அடைந்ததும் பார்வையைச் சாய்த்து, கிழக்கு நோக்கித் திருப்பினால், ஏரிக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு மெல்லிய முகடு மட்டுமே நிற்பது புலப்படும். முகட்டைத் தாண்டியவுடன் நிலம் சில நூறு மீட்டர் சரேலென இறங்குகிறது. கீழே லோயர் கேம்ப். அந்த இறக்கமே அங்கு நீர்மின் நிலையம் அமையக் காரணம். மின்னுற்பத்திக்குப் பின் நீர் வைரவனாறு, சுருளியாறு வழியாகப் பள்ளத்தாக்கை நனைத்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையைச் சேர்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவிருந்த நீர், ஈர்ப்பு விசையாலேயே கிழக்கே திரும்பும் விந்தையை நான்கைந்து விரலசைவுகளில் ஒரு பள்ளி மாணவர் கண்டுகொள்ளலாம்.

மாதிரி காட்டாதவை

கண்ணால் கண்டது போலத் தோன்றுவதே இம்மாதிரிகளின் வலிமை, அதுவே அவற்றின் ஆபத்தும் ஆகும். மூன்று குறைகளை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உயரப் பெருக்கம். மலைகள் எடுப்பாகத் தெரிய உயரத்தை மட்டும் பெருக்கிக் காட்டும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. கூகுள் எர்த் கணினிப் பதிப்பில் இதை மூன்று மடங்கு வரை கூட்டலாம். அப்படிச் செய்தால் 30 பாகைச் சரிவு 60 பாகைச் செங்குத்தாகத் தோன்றும். அணைக்குக் கீழே உள்ள பள்ளம் பாதாளம் போலக் காட்சி தரும். அணையைப் பற்றிய அச்சமூட்டும் படங்களைக் காணும்போது, அதில் உயரம் எத்தனை மடங்கு பெருக்கப்பட்டுள்ளது என்று கேட்பது முதல் கடமை.

இரண்டாவது, நுண்மை. முல்லைப் பெரியாறு அணையின் நீளம் சுமார் 365 மீட்டர். 90 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள தரவில் அதன் நீளம் நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். சில மீட்டர் மட்டுமே அகலமுள்ள அதன் மேல்விளிம்பு தரவில் பிடிபடவே பிடிபடாது. திரையில் அணை உருகி வழிந்தது போலத் தெரிவது அதனால்தான். மேலும், விண்ணோடத் தரவுக்கு வரையறுக்கப்பட்ட உயரப் பிழையின் எல்லை 16 மீட்டர். தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் நீண்டகாலம் நடந்த வழக்கில், நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்பதே முக்கியக் கேள்வியாக இருந்தது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலும், மீண்டும் 2014 மே 7 அன்றும் தீர்ப்பளித்தது. அந்த ஆறு அடி இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான ஏக்கரின் விளைச்சலும், அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சமும் தொங்கிநிற்கும் அந்த அளவை இத்தகைய மாதிரியைக் கொண்டு யாரும் அளக்கவோ வாதிடவோ முடியாது.

மூன்றாவது, மேற்பரப்பு மட்டுமே தெரியும். ரேடார் நீருக்குள் ஊடுருவாது என்பதால் ஏரி தட்டையான தகடாகவே தெரிகிறது. அதன் அடியில் மூழ்கிய பள்ளத்தாக்கோ, தமிழகம் நீர் எடுக்கும் கீழெல்லையான 104 அடி மட்டமோ தெரியாது. அடர்ந்த காட்டில் அளக்கப்படுவது தரை அன்று, மரக்கூட்டத்தின் உயரமும் அதில் கலந்துவிடும். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, ஆய்வுக்கூடத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை வேண்டும் என்பது ஒரு காரணம். மலையின் உயரத்தை மாதிரி நன்றாகவே காட்டும். உள்ளே பாறை எப்படி உள்ளது, குடைந்தால் நீரூற்றுகளுக்கு என்ன ஆகும் என்று அப்பகுதி மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவு கூடக்கூடத் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். குரங்கணிச் சரிவுகளின் செங்குத்தை எவரும் உலாவியில் முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் அந்த வாரம் அங்கே புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை மாதிரி சொல்லாது. அதற்கு வனத்துறையின் எச்சரிக்கையும் ஊர்மக்களின் அனுபவ அறிவுமே வழி.

முடிவுரை

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வைத் தீர்மானித்தது அதன் நில அமைப்பு. அந்த அமைப்பைப் பற்றிய அறிவு நெடுங்காலம் அளவையாளரின் வரைபடத்துக்குள் இருந்தது. ஆர்க்பால், விண்ணோட ரேடார், வெப்ஜிஎல் என வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்த கண்டுபிடிப்புகள் சேர்ந்து அதைப் பொதுவுடைமை ஆக்கின. இனி நீரைப் பற்றியும் மலையைப் பற்றியும் பேசுவோர் காட்டும் படத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மாணவர்கள் அதைத் தாமே திருப்பிப் பார்க்கலாம், சாய்த்துப் பார்க்கலாம், உயரப் பெருக்கத்தை ஒன்றுக்குக் குறைத்துச் சரிபார்க்கலாம். தரவு எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கேட்கலாம். திரையில் பார்த்தபின் ஒருமுறை லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைச்சாலையில் ஏறிச்சென்று நேரிலும் பார்த்தால், மாதிரி எதைச் சரியாகக் காட்டியது, எதை விட்டுவிட்டது என்பது தெளிவாக விளங்கும்.